வாடகைக்குக் குடியிருப்பவர்களின் தேவை அறிந்த ஹார்டுவேர் கடை: மடிப்பாக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

சென்னை மடிப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலிருந்து நடந்து போகும் தொலைவில், மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒரு சிறிய ஹார்டுவேர் கடை இருக்கிறது. பலகையில் எழுதியிருக்கும் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. அண்ணாச்சி கடை என்றால் எல்லோரும் கை காட்டுவார்கள். பி.வி.சி. குழாய், சுவிட்ச், ஒயர், பெயிண்ட், ஆணி, பூட்டு, தாழ்ப்பாள், துணி காயப்போடும் கயிறு, எலிப்பொறி என்று வீட்டுக்கு வேண்டியவை கூரைவரை அடுக்கியிருக்கும். இந்த மதிப்புரையை வாடகை வீட்டில் இருப்பவர்களை, குறிப்பாக இப்போதுதான் குடிபுகுந்தவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சொந்த வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தக் கடை போதாது. மொத்தமாக வாங்க அவர்கள் பாரிமுனைப் பக்கம் போவதே நல்லது.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் கடையின் அருமை விளங்கும். மகளின் பள்ளி பக்கத்தில் இருக்க வேண்டும், முழங்கால் வலியுள்ள அத்தைக்குப் படி ஏறும் வேலை இருக்கக் கூடாது, வாடகையும் எங்கள் கைக்குள் அடங்க வேண்டும் என்று தேடியதில் கிடைத்த தரைத்தள வீடு இது. வெளிச்சமும் காற்றும் உண்டு, அக்கம்பக்கத்தார் அன்பானவர்கள். ஆனால், படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஓதம், அதாவது சுவர் ஈரம், ஏறியிருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு எல்லாக் குழாய்களிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. பின்பக்கக் குளியலறையில் காரணம் தெரியாத நாற்றம் அடித்தது. மழை பிடித்துக்கொண்டால் வாசல் கதவைத் தோளால் இடித்துத்தான் மூட முடிந்தது. இவை போதாதென்று, சுவரில் புதிதாக ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது வீட்டு உரிமையாளரின் நிபந்தனை.

இப்படிப்பட்ட வீட்டில் குடியேறும் குடும்பத்துக்கு முதலில் எழும் கேள்வி, எதை நாம் சரிசெய்வது, எதை உரிமையாளரிடம் கேட்பது என்பதுதான். அண்ணாச்சி கடையின் பெரிய சிறப்பு, அந்தக் கேள்விக்கு அங்கே நேர்மையான பதில் கிடைக்கிறது என்பது. பொருள் கேட்டதும் அவர் எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. “வாடகை வீடாம்மா, சொந்த வீடா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சைத் தொடங்குகிறார். வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைப்படுத்திய சட்டத்தின் அட்டவணையிலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டிருந்தால் ஒழிய, கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, சுவர்களுக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, மின்கம்பி இணைப்பு வேலை ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாயின் வாஷர், அடைப்பெடுப்பது, சுவிட்ச், பிளக் பாயின்ட் பழுது, பூட்டு, கைப்பிடி, கொசுவலை, உடைந்த கண்ணாடி முதலியவை குடியிருப்பவரின் பொறுப்பு. அண்ணாச்சி சட்டத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பல ஆண்டுகளாகக் கடைக்கு வந்துபோகும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து அவர் போட்டு வைத்திருக்கும் கணக்கு ஏறத்தாழ இதே கணக்குதான்.

சமையலறைக் குழாய் இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தபோது புதுக் குழாய் வாங்கும் எண்ணத்தோடுதான் கடைக்குப் போனேன். எத்தனை சுற்றுச் சுற்றினால் திறக்கிறது, தண்ணீர் வாய் வழியாகச் சொட்டுகிறதா அல்லது பிடியின் கழுத்தில் கசிகிறதா என்று கேட்டார். பல சுற்றுச் சுற்றித் திறக்கும் பழைய வகைக் குழாய் என்றால் உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும். வாய் வழியாகச் சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கிறது என்று பொருள். கால் சுற்றில் திறந்து மூடும் புது வகையில் வாஷருக்குப் பதிலாகப் பீங்கான் தகடு வைத்த ஸ்பிண்டில் (பிடியோடு சேர்ந்து திரும்பும் உள்தண்டு) இருக்கும். அதை முழுதாகத்தான் மாற்ற வேண்டும். எங்களுடையது பழைய வகை. புதுக் குழாய் விற்றிருந்தால் சில நூறு ரூபாய் வியாபாரம் ஆகியிருக்கும். அவரோ டப்பாவிலிருந்து ஒரே ஒரு வாஷரை எடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தார். பாக்கெட்டாகத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதலில் வெளியே இருக்கும் வால்வை மூடு, பிறகு குழாயைத் திறந்து தேங்கிய தண்ணீரை விடு, அதற்குப் பிறகு ஸ்பேனரைத் தொடு என்று வரிசையையும் சொல்லி அனுப்பினார். என் கணவர் அதன்படியே செய்தார். அன்றிரவு சொட்டுச் சத்தம் நின்றது. குழாய் வாயில் இருக்கும் சிறு சல்லடையைக் கழற்றி வினிகரில் இரவு முழுவதும் ஊறவைத்தால் உப்புக் கட்டி கரைந்துவிடும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். இப்போது தண்ணீர் பழையபடி சீராக விழுகிறது.

பின்பக்கக் குளியலறை நாற்றத்துக்கு நான் கேட்டது வாசனை உருண்டைகள். அந்தக் குளியலறையை அன்றாடம் பயன்படுத்துகிறோமா என்று கேட்டார். இல்லை, அது பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது என்றேன். தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே இருக்கும் நஹானி டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றையும் கரப்பான்பூச்சியையும் மேலே வரவிடாமல் அந்தத் தண்ணீர்தான் தடுக்கிறது. பயன்படுத்தாமல் விட்டால் அது வற்றி, வழி திறந்துகொள்கிறது. “தெனம் ஒரு குவளைத் தண்ணி ஊத்துங்கம்மா, அதுக்குப் பிறகும் நாறுனா வாங்க” என்று வெறுங்கையோடு அனுப்பினார். இப்போது பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்ட கையோடு மகள் அந்த ஓட்டையிலும் ஒரு குவளை ஊற்றிவிடுகிறாள். நாற்றம் போய்விட்டது. விற்பனைக்கு வைத்திருக்கும் பொருளை வேண்டாம் என்று சொல்லத் துணியும் கடைக்காரர் அபூர்வமானவர். அவருடைய இந்தப் பண்புக்காகவே இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்தேன்.

மின்சாரப் பொருள்களில் அவர் இன்னும் கண்டிப்பானவர். குளியலறைக்கு வெளியே இருந்தது 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் மட்டுமே. எங்களிடம் இருந்த வாட்டர் ஹீட்டரின் பெரிய பிளக்கை அதில் செருக வழிசெய்யும் மாற்றுப் பிளக் ஒன்று கேட்டோம். 2000 வாட்ஸ் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 6 ஆம்பியர் பாயின்ட்டும் அதற்குப் போட்ட மெல்லிய ஒயரும் அதைத் தாங்காமல் சூடேறி உருகத் தொடங்கும். கையில் பொருள் இருந்தும் விற்க மறுத்துவிட்டார். தடிமனான ஒயர் தனியாக இழுத்து, 16 ஆம்பியர் பாயின்ட்டும் அதற்கென்று ஓர் எம்.சி.பி.யும் (மின்சாரம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) வைக்க வேண்டும், ஒயர் இழுப்பது வீட்டுக்காரர் செய்து தர வேண்டிய வேலை என்று தேவையான பொருள்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் காட்டிப் பேசியபோது எங்கள் உரிமையாளரும் மறுக்கவில்லை. அதுவரை அத்தைக்கு அடுப்பில்தான் வெந்நீர் வைத்தோம். தீ விபத்துக்கு அஞ்சி இருப்பதைவிட அந்தச் சிரமம் எவ்வளவோ மேல்.

ஓதம்தான் இந்த வீட்டின் பெருங்குறை. பார்த்த உடனே பெயிண்ட் அடித்து மறைத்துவிடத் தோன்றும். அண்ணாச்சி அதற்கு முன் சுவரைப் படித்துப் பார்க்கச் சொன்னார். கூரையில் திட்டுத் திட்டாக இருந்தால் மேலிருந்து இறங்கும் தண்ணீர். குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும் என்றால் குழாய்க் கசிவு. தரையிலிருந்து மேல்நோக்கி ஒரே சீராக ஏறியிருந்தால் அஸ்திவாரம் வழியாக மண்ணின் ஈரத்தைச் சுவர் உறிஞ்சுகிறது. சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாளை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் பதித்து, ஓரிரு நாள் கழித்துப் பிரிக்கச் சொன்னார். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்காற்றின் ஈரம், சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம். நாங்கள் பிரித்தபோது வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. சுவரை ஒட்டிய பக்கத்தில் சிறு சிறு நீர்த்துளிகள் நின்றன, அவற்றினூடே வெள்ளை உப்புத் தூள் அப்பியிருந்தது. இந்த நிலையில் எந்த விலையுயர்ந்த பெயிண்ட்டை அடித்தாலும் உள்ளிருக்கும் ஈரமும் உப்பும் அதைப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும், பூச்சைச் செதுக்கி எடுத்து, காயவிட்டு, நீர்காப்புப் பூச்சு போட்ட பிறகே வண்ணம் என்றார். அது உரிமையாளரின் செலவு. அந்தத் தாளின் படத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறோம். மழைக்காலம் கழிந்து, சுவர் காய்ந்ததும் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்து, பகலில் அந்த ஜன்னலைத் திறந்தே விட்டிருக்கிறோம். துணிகளில் பூசண வாடை குறைந்திருக்கிறது.

ஆணி அடிக்கக் கூடாது என்ற நிபந்தனைக்கும் அங்கே வழி கிடைத்தது. ஜன்னல் சட்டத்தின் இரு பக்கமும் அழுத்தி நிற்கும் ஸ்பிரிங் கம்பியில் திரைச்சீலை தொங்குகிறது. ஒட்டுக் கொக்கிகள் டைல்ஸிலும் கண்ணாடியிலும்தான் நிற்கும், சுண்ணாம்போ டிஸ்டம்பரோ அடித்த சுவரில் பூச்சோடு பெயர்ந்து வந்துவிடும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கும் பகுதி என்பதால் கொசுவுக்குக் குறைவில்லை. ஜன்னலின் அளவைக் கொடுத்தால் நைலான் வலையை வெட்டி, ஓரத்தில் வெல்க்ரோ தைத்துத் தருகிறார். கழற்றித் துவைக்கலாம், வீடு மாறும்போது எடுத்துக்கொண்டும் போகலாம். வாசல் கதவு விஷயத்தில் ஆசாரியை வைத்து இழைக்க வேண்டாம், மழையில் ஊதிய மரம் கோடையில் சுருங்கும், அப்போது இடைவெளி விழும் என்று சொல்லி, இடிக்கும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்க்கச் சொன்னார். அத்தை இப்போது அந்தக் கதவை ஒரு கையால் மூடுகிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மொத்தக் கடைகளோடு ஒப்பிட்டால் விலை சற்றுக் கூடுதல். சில்லறையாக ஒன்றிரண்டு வாங்குகிறவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது, முழு வீட்டுக்கும் சுவிட்ச் மாற்றுகிறவர்களுக்குத் தெரியும். ஒயர், குழாய், கொசுவலை ஆகியவற்றை வெட்டிவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை, ஆகவே அளவை எழுதிக்கொண்டே போக வேண்டும். மதிய உணவு நேரத்தில் கடை மூடியிருக்கும். மாலையில் கட்டட வேலைக்காரர்கள் கூடிவிட்டால் நம்மிடம் நின்று பேச அவருக்கு நேரம் இருக்காது. எதையும் கேட்டுத் தெளிய வேண்டும் என்றால் காலையில் போவதே சரி. கடையிலிருந்து அனுப்பும் பிளம்பர் கைதேர்ந்தவர்தான், ஆனால் வருகிறேன் என்று சொன்ன நாளில் வருவதில்லை, வராததைத் தெரிவிப்பதும் இல்லை. வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டில் ஒருவர் காத்திருக்கவும் வேண்டிய குடும்பத்துக்கு இது உண்மையான சங்கடம். அண்ணாச்சி இதைக் கவனித்துச் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, கேட்டால் ஒழிய அவர் பில் போடுவதில்லை. உரிமையாளர் ஏற்க வேண்டிய செலவை நாம் முதலில் செய்துவிட்டுப் பிறகு வாடகையில் கழித்துக்கொள்வதாகப் பேசியிருந்தால், பொருளின் பெயர், அளவு, விலை, தேதி ஆகியவற்றோடு பில்லைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் எழுதித் தருகிறார். அப்படியே கழற்றிய பழைய பூட்டையும் பழைய குழாய்ப் பிடியையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்வதும் அவர்தான். வீட்டைக் காலி செய்யும்போது நம்முடைய நல்ல பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பழையதை இருந்த இடத்தில் பொருத்திக் கொடுத்துவிடலாம்.