பெரம்பூர் வாடகை நூலகம்: பைண்டு தொகுப்புகளுக்காகவே போகலாம்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், தையற்கடைக்கும் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவே, பெயர்ப்பலகை மங்கிப்போன வாடகை நூலகம் ஒன்று இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சைக்கிளில் வார இதழ்களை வீடு வீடாகக் கொடுத்துத் திரும்ப வாங்கிச் செல்லும் 'சர்குலேஷன்' தொழிலாகத் தொடங்கிய கடை இது. முன்பணம் கட்டி உறுப்பினராகலாம். விலையில் பத்தில் ஒரு பங்கு வாரத்துக்கு வாடகை. விலை அச்சிடப்படாத பழைய தொகுப்புகளுக்குக் கடைக்காரர் கையில் எடுத்துத் தடிமனைப் பார்த்தே வாடகை சொல்கிறார். எனக்குத் தெரிந்தவரை அதில் அநியாயம் இல்லை.

வாசலை ஒட்டிய தாழ்வான அலமாரி சிறுவர்களுக்கு. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவின் பிற்கால இதழ்களும், 1972இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்ட முத்து காமிக்ஸும், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த லயன் காமிக்ஸும் கலந்து கிடக்கின்றன. எண்பதுகளில் படிக்கக் கற்றுக்கொண்ட எங்கள் தலைமுறைக்கு மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துபோகும் மாயாவிதான் முதல் நாயகன். இப்போது அந்த இதழ்களைத் தேடி வருபவர்களில் சிறுவர்களைவிட அவர்களுடைய அப்பாக்களே அதிகம். அட்டை கிழிந்த பிரதிகளுக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டி, ஓவியத்தையும் சேர்த்து மறைத்துவிடுவதுதான் இந்தப் பகுதியின் ஒரே குறை.

கடையின் உண்மையான செல்வம் உள் அறையில் இருக்கிறது. வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, காலிகோ துணி போட்டு பைண்டு செய்த தொகுப்புகள் அங்கே கூரை வரை அடுக்கப்பட்டிருக்கின்றன. கல்கியின் நூல்கள் 1999இல் நாட்டுடைமை ஆக்கப்பட்ட பிறகு 'பொன்னியின் செல்வன்' கிடைக்காத புத்தகக் கடையே இல்லை என்றாலும், மலிவுப் பதிப்புகள் பலவற்றில் மணியம் வரைந்த ஓவியங்கள் இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த அந்த நாவல், வந்தியத்தேவனை ஏதாவது ஓர் ஆபத்தில் நிறுத்திவிட்டு 'தொடரும்' போட்டு வாசகரைக் காக்க வைத்த விதம், பைண்டு தொகுப்பில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்தின் பின்புறத்தில் சோப்பு விளம்பரமோ, முடிவு கிடைக்காத வேறொரு சிறுகதையின் பாதியோ இருக்கும். சில சமயம் அந்தப் பாதிக் கதையே மனத்தில் தங்கிவிடும். குமுதத்தில் லதாவின் ஓவியங்களோடு வந்த சாண்டில்யனின் 'கடல் புறா'வையும் இங்கே அப்படியே படிக்கலாம்.

ஜெயகாந்தனைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: பேரேட்டில் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று தேடினால் கிடைக்காது. தினமணி கதிரில் அது 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் வந்ததால் பைண்டு தொகுப்பும் அந்தப் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் என்பதைச் சொன்ன பிறகும் கடைக்காரர் பேரேட்டைத் திருத்த மறுத்துவிட்டார். பைண்டில் உள்ள பெயர்தான் பெயர் என்பது அவருடைய கொள்கை.

ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்களும் ரமணிசந்திரனும் தாராளமாக உண்டு. வாடகை வருமானத்தில் பெரும்பகுதி அவற்றிலிருந்துதான் வருகிறதாம். சுஜாதாவின் துப்பறியும் வக்கீல்களான கணேஷும் வசந்தும் தனி வரிசையில் இருக்கிறார்கள். காமிக்ஸிலிருந்து நேரே ஜெயகாந்தனுக்குத் தாவ முடியாத வயதில் என்னைப் போன்றவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போனவர் சுஜாதாதான் என்பதால், அந்த வரிசையை நான் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் இப்படி வளர்ந்த வாசகர் நாற்பது வயதை எட்டும்போது இந்தக் கடையில் அவருக்குப் புதிதாகப் படிக்க ஒன்றும் மிஞ்சாது. கொள்முதல் தொண்ணூறுகளோடு நின்றுவிட்டது போலிருக்கிறது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த எந்த வடசென்னைக் குடும்பத்துக்கும் அந்நியமாகத் தோன்றாத அசோகமித்திரனின் 'தண்ணீர்' இங்கே இல்லை. தற்கால நாவலாசிரியர்களில் இமையம் இல்லை, பெருமாள்முருகன் இல்லை. எல்லாவற்றையும்விட வியப்பு, இந்தப் பகுதி மனிதர்களையே எழுதிய பாக்கியம் சங்கரின் 'நான்காம் சுவர்' இல்லாதது. அதுவும் ஆனந்த விகடனில் தொடராக வந்ததுதான். பக்கங்களைப் பிரித்து பைண்டு செய்யும் வழக்கம் தொடர்ந்திருந்தால் தானாகவே அலமாரி ஏறியிருக்கும். இப்போது இதழ்களை வாங்கிப் பிரித்துவைக்க ஆள் இல்லை என்று கடைக்காரர் சொல்வதை ஏற்றுக்கொள்ளலாம். அச்சில் கிடைக்கும் நூல்களைக்கூட வாங்காததற்கு அவர் சொல்லும் காரணம், கேட்பவர் இல்லை என்பது, பொருந்தவில்லை. இல்லாத நூலை யாரும் பேரேட்டில் பார்த்துக் கேட்க முடியாது.

தொடர்கதைக் காலத்து எழுத்தை அது வெளிவந்த உருவத்திலேயே படிக்க விரும்புகிறவர்கள் தயங்காமல் உறுப்பினராகலாம். தற்கால இலக்கியம் வேண்டுமென்றால் முன்பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள். பல பாகத் தொகுப்புகளை எடுக்கும் முன் எல்லாப் பாகங்களும் கடையில் இருக்கின்றனவா என்று கட்டாயம் கேளுங்கள்: 'பொன்னியின் செல்வ'னின் மூன்றாம் பாகமான 'கொலைவாள்' யாரோ ஒருவர் வீட்டிலேயே தங்கிவிட்டது.