பெடலில் 5ஐ மிதித்தால் யூனிட்டிலும் 5 வரவேண்டும்

மிடி ஃபுட் கன்ட்ரோலர் (காலால் மிதித்து, மிடி என்ற இசைக்கருவி மொழியில் கட்டளை அனுப்பும் பலகை) ஒன்றை வாங்கி, கிற்றார் சத்தத்தை மாற்றும் எஃபெக்ட்ஸ் யூனிட்டில் செருகிவிட்டால் எல்லாம் தானாகப் பொருந்தும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மிதித்தால் சத்தம் மாறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தச் சத்தத்துக்கு மாறும்?

என்னிடம் இருப்பது பத்து சுவிட்ச், காலால் ஏற்றி இறக்கும் இரண்டு எக்ஸ்பிரஷன் பெடல் கொண்ட பழைய உலோகப் பலகை. பெடல் என்று நான் சொல்வது இந்த முழுப் பலகையையும்தான். கொழும்பில் ஒருவர் பாவித்து விற்றது. யூனிட் கொஞ்சம் புதியது: 32 பாங்க் (தொகுதி), ஒவ்வொன்றிலும் ஏ, பி, சி, டி என்று நான்கு, மொத்தம் 128 பிரீசெட், அதாவது சேமித்து வைத்த சத்தம். மட்டக்களப்பில் இசைக்குழுவில் கிற்றார் வாசிக்கிறவனுக்குக் கோயில் திருவிழா, கலியாண வீடு, ஒளிவிழா என்று எல்லா மேடையும் வரும். பக்திப் பாட்டில் தொடங்கி சினிமாப் பாட்டுக்குப் போய், நடுச்சாமத்தில் பைலா கேட்பார்கள். குனிந்து யூனிட்டைத் திருகிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. சில வருடங்களாக இந்தச் சோடியைத்தான் மேடைக்குக் கொண்டு போகிறேன்.

எண்கள் ஏன் பொருந்துவதில்லை? மிடி 1983இல் வந்தபோது, பிரீசெட்டை மாற்றும் புரோகிராம் சேஞ்ச் என்ற கட்டளைக்கு ஏழு பிட் இடம்தான் ஒதுக்கினார்கள். ஆகவே வயரில் ஓடுவது எப்போதும் 0 முதல் 127 வரை. அதை வெளியே எப்படிக் காட்டுவது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். ஒருவர் 0இல் இருந்து காட்டுவார், இன்னொருவர் 1இல் இருந்து. எனது பெடல் 1இல் தொடங்கும் வகை. அந்த ஒரு எண் வித்தியாசத்தைச் சமாளிக்கலாம். பெரிய தலையிடி பாங்க் அமைப்பு. பெடல் பத்துப் பத்தாக அடுக்குகிறது, யூனிட் நாலு நாலாக. யூனிட்டின் 5பி வேண்டுமென்றால் வயரில் 17 போகவேண்டும். பெடலின் கணக்கில் அது 18. பெடலின் பாங்குகள் 0 முதல் 9 வரை என்பதால், அது பாங்க் 1இல் எட்டாவது சுவிட்ச். பாட்டு நடுவில், வியர்வை வழிய, பாடகர் திடீரென்று வேறு சரணத்துக்குத் தாவும்போது இந்தக் கணக்கை யார் போடுவது?

மனதில் கணக்குப் போட்டுப் பழகிக்கொள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுவிட்ச் ஒவ்வொன்றுக்கும் விரும்பிய எண்ணைக் கொடுக்கப் பெடல் இடம் தரும்போது, மனிதன் ஏன் கஷ்டப்பட வேண்டும்? நான் செய்தது இதுதான். பெடலின் பாங்க் எண்ணும் யூனிட்டின் பாங்க் எண்ணும் ஒன்றே. கீழ் வரிசையின் முதல் நான்கு சுவிட்ச்சும் ஏ, பி, சி, டி. பெடலில் கொடுக்கவேண்டிய எண்ணுக்குச் சூத்திரம் சுலபம்: பாங்க் எண்ணில் ஒன்றைக் கழித்து, நாலால் பெருக்கி, ஏ என்றால் 1, பி என்றால் 2 என்று கூட்டவேண்டும். 5பிக்கு நாலு நாலு பதினாறு, கூட்டல் இரண்டு, 18. உங்கள் பெடல் 0இல் தொடங்கினால் இன்னும் ஒன்றைக் கழியுங்கள். ஐந்தாவது சுவிட்ச்சுக்குச் சுருதி பார்க்கும் டியூனரைக் கொடுத்தேன்.

இப்படிச் செய்ததில் பாங்க் 1 முதல் 9 வரை 36 பிரீசெட்தான் கைக்கு எட்டும், மிச்சமெல்லாம் தூங்கும். தூங்கட்டும். ஒரு இரவில் அதில் கால்வாசிகூடத் தேவைப்படாது.

எண்களைக் காலால் மிதித்து மிதித்துப் பெடலில் ஏற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஏற்றியது சரியா என்று பார்க்கக் கணினியில் மிடி-ஆக்ஸ் என்ற மென்பொருளைத் திறந்து, யூஎஸ்பி மிடி வயர் வழியாகப் பெடலை இணைத்தேன். மிதித்ததும் வயரில் என்ன போகிறது என்று வரிவரியாகக் காட்டும். 5பியை மிதித்தால் 'சி0 11' என்று வரும். 11 என்றதும் பயப்பட வேண்டாம். அது பதினாறின் அடிமான எண், நம் கணக்கில் 17. முதலில் உள்ள சி0, முதலாம் சானலில் (ஒரே வயரில் கருவிகளைப் பிரித்து அழைக்கும் வழி) புரோகிராம் சேஞ்ச் போகிறது என்பதைச் சொல்கிறது.

சானல் விஷயத்தில் ஒரு கூத்து நடந்தது. ஒத்திகையில் யூனிட்டின் மிடி த்ரூவில் (வந்த கட்டளையை அப்படியே வெளியே அனுப்பும் துளை) இருந்து கீபோர்டுக்கும் ஒரு வயர் போயிருந்தது. நான் சோலோவுக்கு மிதிக்க, கீபோர்ட் அண்ணன் வாசிப்பை நிறுத்திவிட்டு, "நீ என்னத்த மனே மிதிச்ச? என்ட நாதஸ்வரம் வயலினா மாறிட்டு!" என்றார். கீபோர்டும் அதே முதலாம் சானலைக் கேட்டுக்கொண்டிருந்தது. பெடலையும் யூனிட்டையும் இரண்டாம் சானலுக்கு மாற்றியபின் அவர் நாதஸ்வரத்துக்கு என்னால் ஆபத்தில்லை.

எண் பொருந்திய பிறகும் கவனிக்க ஒன்று உண்டு. புரோகிராம் சேஞ்ச் கதிரையைத்தான் கூப்பிடும், அதில் இருக்கும் ஆளை அல்ல. கணினியில் பிரீசெட்களை இழுத்து வரிசை மாற்றினால், சுவிட்ச் அதே இடத்தைத்தான் திறக்கும், அங்கே வேறு சத்தம் இருக்கும். அதனால் ஒவ்வொரு பாங்கிலும் டியைக் காலியாக விட்டிருக்கிறேன். புதுச் சத்தம் செய்தால் அங்கே போகும், பழையவை அசையாது. யூனிட்டின் மென்பொருளைப் புதுப்பிக்கும் முன்பு முழுவதையும் கணினியில் பிரதி எடுத்து வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

நாளாக ஆக நான் பிரீசெட் மாற்றுவதே குறைந்துவிட்டது. பிரீசெட்டில் இருந்து பிரீசெட்டுக்குப் போகும்போது ஒரு கணம் சத்தம் அறுகிறது, டிலே என்ற எதிரொலியின் வாலும் வெட்டுப்படுகிறது. மெதுவான பாட்டில் அது அப்பட்டமாகக் கேட்கும். யூனிட்டில் ஒரே பிரீசெட்டுக்குள் நான்கு ஸ்னாப்ஷாட் (அதே பிரீசெட்டின் வேறு வேறு அமைப்பு) வைக்கலாம், மாறும்போது வால் அறாது. அவற்றை அழைப்பது கண்ட்ரோல் சேஞ்ச் என்ற இன்னொரு மிடி கட்டளை, எண் 69. இங்கேயும் அதே பூச்சியக் கதை, முதலாவது ஸ்னாப்ஷாட்டுக்கு 0, நான்காவதுக்கு 3. மேல் வரிசையின் 6 முதல் 9 வரை இவற்றுக்கு, 10 டாப் டெம்போவுக்கு (தாளத்துக்குத் தட்டி வேகத்தைக் கொடுப்பது). இப்போது பாட்டுக்கு ஒரு பிரீசெட், பல்லவிக்கும் சோலோவுக்கும் ஸ்னாப்ஷாட்.

128க்கு மேல் பிரீசெட் உள்ள யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பாங்க் செலக்ட்டும் வேண்டும்: கண்ட்ரோல் சேஞ்ச் 0, 32, அதன் பின்னால் புரோகிராம் சேஞ்ச். சில யூனிட்களில் எந்த எண்ணுக்கு எந்த பிரீசெட் என்று உள்ளேயே அட்டவணை போடலாம். அது இருந்தால் பெடலின் எண்களை மாற்றவே தேவையில்லை.

உழைப்பைப் பற்றிக் கேட்டால், பலகை கல்லுப் போல இருக்கிறது. ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கியும் எண்களை மறந்ததில்லை. பாரம்தான் குறை. மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு களுவாஞ்சிகுடிக்குப் போய்வந்தால் தெரியும். கல்லடி, திருக்கோவில் போன்ற கடலோர மேடைகளில் உப்புக்காற்று ஐந்து பின் முனைகளில் பச்சை பிடிக்க வைக்கும். முனை கறுத்தால் மிதித்தும் யூனிட் அசையாது, ஆட்கள் எண்ணைக் குறை சொல்வார்கள். கான்டாக்ட் கிளீனர் ஒரு போத்தல் பையில் இருக்கட்டும். வயர் 15 மீற்றருக்குள் இருக்கவேண்டும். அந்த அளவுக்குள் நீளமான வயர் தேவையென்றால் றேடியோ திருத்தும் கடையில் நல்ல மைக் வயரில் முனை போட்டுத் தருவார்கள். மிடிக்கு 4, 5ஆம் பின்னும், கவச வயருக்கு 2ஆம் பின்னும் போதும்.

பாவித்த பெடல் வாங்கப் போகிறீர்கள் என்றால் மடிக்கணினியைக் கொண்டு போங்கள். பத்து சுவிட்ச்சையும் ஒவ்வொன்றாக மிதித்து, ஒரு மிதிக்கு ஒரு வரிதான் வருகிறதா என்று பாருங்கள். அதே வரி இரண்டு தடவை வந்தால் சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். எக்ஸ்பிரஷன் பெடலை முழுதாக இறக்கி ஏற்றினால் 0இல் இருந்து 127 வரை ஓடவேண்டும். 3இல் தொடங்கி 120இல் நின்றால் முதலில் கலிபிரேஷன் (அளவைச் சரிப்படுத்துவது) செய்து பாருங்கள், அதற்கும் சரிவராவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.