திருவல்லிக்கேணி மரபு நடை: ஒரு காலைப் பொழுதின் மதிப்புரை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பார்த்தசாரதி கோயில் குளத்தருகே தொடங்கிய, சென்னை திருவல்லிக்கேணியின் பழைய இடங்களை வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் மரபு நடையில் நானும் என் மனைவியும் கலந்துகொண்டோம். கட்டணம் நபருக்கு 500 ரூபாய். காலைச் சிற்றுண்டியும் அதில் அடக்கம். இளமையில் ஆறு ஆண்டுகள் இந்தப் பகுதியில் குடியிருந்தவன் நான். தெரிந்த தெருக்களைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். மூன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பும்போது, கொடுத்த பணம் வீணாகவில்லை என்ற நிறைவும், சொல்லாமல் விடப்பட்டவற்றைப் பற்றிய ஆதங்கமும் மனத்தில் சேர்ந்தே இருந்தன.

நிறைவுக்கு முதற்காரணம், வழிகாட்டி ஒரு கல்வெட்டுக்கு ஒதுக்கிய இருபது நிமிடம். மீசையோடு, கையில் சக்கரம் இல்லாமல் நிற்கும் மூலவர் வேங்கடகிருஷ்ணனைப் பற்றியும், உற்சவரின் திருமுகத்தில் உள்ள தழும்புகள் பீஷ்மரின் அம்புகளால் வந்தவை என்ற நம்பிக்கையைப் பற்றியும் இங்கு வரும் எவரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு அப்படி எல்லாருக்கும் தெரிந்ததன்று. கோயில் நிலம் அடகுக்குப் போனதால் பெருமாளுக்குப் படைக்கும் அமுது குறைந்துபோனதையும், பிறகு ஒருவர் அந்த நிலத்தை மீட்டுப் படையலைப் பழையபடி நடக்கச் செய்ததையும் அது பதிவு செய்திருக்கிறது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கோயிலுக்கு வந்த பணமுடையையும், அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்ட ஒரு மனிதரையும் வழிகாட்டி எளிமையாக விளக்கியபோது, எத்தனையோ முறை அந்தக் கல்லைப் பார்க்காமலேயே கடந்துபோன எனக்கு வெட்கமாக இருந்தது. 1676இல் கோல்கொண்டா ஆட்சியிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி குத்தகைக்குப் பெற்ற ஊர் என்ற அளவில் மட்டுமே திருவல்லிக்கேணியை அறிந்தவர்களுக்கு, அந்தக் குத்தகைக்கு முன்பே இவ்வூர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கிறது என்பதை உணர்த்த இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் உள்ள பாரதியார் இல்லத்தின் முன்னும் வழிகாட்டி கவனமாகவே பேசினார். கோயில் யானை தாக்கியதால்தான் பாரதியார் இறந்தார் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். யானையிடமிருந்து நண்பர் குவளைக் கண்ணன் பாரதியாரை மீட்டதையும், அதன் பிறகு அவர் தேறி ஈரோடு கருங்கல்பாளையம் வரை சென்று சொற்பொழிவாற்றியதையும், 1921 செப்டம்பரில் வயிற்று நோயால் இந்த வீட்டில் காலமானதையும் வழிகாட்டி வரிசைப்படுத்திச் சொன்னார். தவறான செய்தியை உருக்கமாகச் சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. அதைச் செய்யாததற்காகவே அவரைப் பாராட்டுகிறேன்.

ஆனால் இந்த விளக்கங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருந்தது. முன்பதிவின்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் நடை நடத்தப்படும் என்று சொல்லியிருந்தார்கள். உண்மையில் பத்து நிமிட ஆங்கில உரைக்குப் பின் இரண்டு வாக்கியங்கள் தமிழில் கிடைத்தன. எங்கள் குழுவில் வந்திருந்த வயதான தம்பதியர் பாரதியார் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "என்னம்மா சொன்னாங்க?" என்று என் மனைவியிடம் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. குறுகலான தெருவில் 22 பேரை ஒன்றாக அழைத்துச் சென்றதும் சரியில்லை. வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கிய ஒவ்வொரு முறையும் பின்வரிசைக்குப் பேச்சு கேட்கவில்லை.

1878இல் இப்பகுதியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 'தி ஹிந்து' இதழின் முதல் 80 பிரதிகளை அச்சிட்ட கதையும், 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் கதையும் நடந்துகொண்டே சொல்லப்பட்டன. கூட்டுறவுச் சங்கத்துக்கு இன்னும் சற்று நேரம் தந்திருக்கலாம். மாதத் தொடக்கத்தில் கையில் பையும் பட்டியலுமாக அதன் கடை வாசலில் நின்ற நடுத்தரக் குடும்பங்கள் இந்த ஊரின் வரலாற்றில் சிறிய பகுதியல்ல.

என் பெரிய குறை, தனியாள்கள் வாடகைக்குத் தங்கும் விடுதிகளான மேன்சன்களைப் பற்றியது. வல்லப அக்ரஹாரம் தெருவைக் கடந்தபோது வழிகாட்டி அதன் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்கடுக்காக அறைகள் எழும்பிய பிறகு, வேலை தேடியும், தேர்வுக்குப் படிக்கவும், திரைப்படத்தில் வாய்ப்புக் கேட்கவும் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்த இளைஞர்களுக்குச் சென்னையின் முதல் முகவரி இந்த மேன்சன்கள்தான். இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறையில் நானும் இருந்திருக்கிறேன். விடியற்காலையில் குளியலறை வரிசை, மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து உண்ட அளவுச் சாப்பாடு, பாரதி சாலை நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய பழைய பாடநூல்கள், மின்விசிறி நின்றுபோன இரவுகளில் கடற்கரை மணலில் தூக்கம் என்று அந்த வாழ்க்கைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்தவனுக்கு முதல் மாத வாடகையைப் பக்கத்து அறைக்காரர் கொடுத்துதவுவது அங்கே வழக்கம். கல்வெட்டில் நிலத்தை மீட்டவரைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசிய வழிகாட்டி, அதே தெருக்களில் நடந்த இந்த உதவிகளையும் வரலாறாக எண்ணியிருக்க வேண்டும்.

நடையின் கடைசி இடம் வாலாஜா பள்ளிவாசல். 1795இல் ஆற்காட்டு நவாப் குடும்பத்தார் கட்டிய இப்பெரிய பள்ளிவாசலின் அகன்ற முற்றத்தில் நின்றவுடன், அதுவரை காதில் விழுந்துகொண்டிருந்த நெடுஞ்சாலையின் ஒலி குறைந்துவிடுகிறது. எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் கட்டிய ஆண்டு கிடைக்கும்படி அமைந்த பாரசீகக் கல்வெட்டு வாசகம் இங்கே உள்ளது. அதை இயற்றியவர் நவாப்பிடம் பணியாற்றிய ராஜா மக்கன்லால் கிராத் என்ற இந்து அறிஞர். அதே முற்றத்தில், தேசப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து அகதிகளாக வந்த இந்துக்களின் வழிவந்த சூஃபிதார் என்ற ஆன்மிக அமைப்பினர், பல பத்தாண்டுகளாக ரமலான் மாதம் முழுவதும் நோன்பு திறக்க உணவு சமைத்துக் கொண்டுவந்து, தாங்களே பரிமாறி வருகிறார்கள். வழிகாட்டி இதை மனம் நெகிழ்ந்து சொன்னார். கேட்டவர்களும் அமைதியாக நின்றார்கள்.

சிற்றுண்டி, 1948 முதல் நடந்துவரும் ரத்னா கஃபேயில். இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றும் அந்த வழக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கூட்டத்தைப் பன்னிரண்டு பேருக்குள் நிறுத்தி, முழுக்கத் தமிழில் ஒரு நடையைத் தனியாக வைத்தால், 500 ரூபாய் மிகையாகத் தோன்றாது. மூட்டுவலி உள்ளவர்கள் இப்போதைக்குத் தவிர்ப்பது நல்லது. கோயிலை விட்டால் ரத்னா கஃபே வரை உட்கார இடமில்லை. விடைபெறும்போது வழிகாட்டியிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன்: அடுத்த ரமலானில் மாலை நடை ஒன்றை அறிவித்து, நோன்பு திறக்கும் நேரத்தில் அந்த முற்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்; பரிமாறுகிறவர்களையே பேசச் சொல்லுங்கள். அதற்கு முதல் ஆளாகப் பணம் கட்டுகிறேன் என்றும் சொல்லி வந்திருக்கிறேன்.