விட்டு விட்டுப் பாடும் கார் செட்: மாற்றுவதா, சரி செய்வதா?

எங்கள் காருக்கு எட்டு வயது. கம்பெனியிலிருந்து வந்த செட்தான் இன்றும் இருக்கிறது. போன மழைக்காலத்தில் டிரைவர் கதவு ஸ்பீக்கர் தகராறு செய்ய ஆரம்பித்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் நின்றுவிடும். கதவைத் திறந்து சாத்தினால் திரும்ப வரும். சர்வீஸ் சென்டரில் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "யூனிட்டையே மாத்தணும் சார்" என்றார்கள். நண்பர் ஒருவர் சென்னை ஜி.பி. ரோட்டில் ஆண்ட்ராய்டு செட் போடச் சொன்னார். இன்னொருவர் புதுப்பேட்டையில் இதே மாடல் பழையது கிடைக்கும் என்றார். மைத்துனரோ, கழற்றி ரிச்சி தெருப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தால் போதும் என்றார். மூன்று இடங்களுமே மவுண்ட் ரோட்டை ஒட்டித்தான் இருக்கின்றன, ஒரே நாளில் நடந்தே சுற்றிவிடலாம். ஆனால் பழுது எங்கே என்று தெரியாமல் எந்தக் கடைக்குப் போவது?

அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரச் சோதனை. எஃப்.எம்., ப்ளூடூத், யு.எஸ்.பி. மூன்றிலும் பாடவிட்டுப் பாருங்கள். எஃப்.எம்மில் மட்டும் கரகரத்தால் ஆன்டெனாவைப் பாருங்கள். கூரையில் இருக்கும் அதன் அடிப்பகுதியில் மழைத்தண்ணீர் இறங்கித் துரு ஏறியிருக்கலாம். டேஷ்கேமுக்குச் செருகிய மலிவு சார்ஜரும் எஃப்.எம்மைக் கெடுக்கும், அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேளுங்கள். ப்ளூடூத்தில் மட்டும் வெட்டினால் போனை மாற்றிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி வெட்டினால் அடுத்தது பேலன்ஸ், ஃபேடர். ஒலியை ஒவ்வொரு மூலைக்கும் தள்ளி, எந்த ஸ்பீக்கர் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

ஒரே ஒரு மூலை மட்டும் நின்று நின்று வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது செட்டை அல்ல, கதவு ஒயரை. கதவுக்கும் பாடிக்கும் நடுவே, கீல் இருக்கும் பக்கம், மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் பூட் இருக்கும். ஸ்பீக்கர், பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் எல்லாவற்றின் ஒயர்களும் அதற்குள்தான் போகின்றன. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவை மடங்கி நிமிர்கின்றன. வருடக்கணக்கில் மடங்கினால் உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேலுறை அப்படியே இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அறுந்த நுனிகள் ஒரு கோணத்தில் தொட்டுக்கொள்ளும், இன்னொரு கோணத்தில் விலகும். கதவை அசைத்தால் பாட்டு வருவதும் போவதும் இதனால்தான். அதே கதவின் கண்ணாடியும் சில நேரம் மக்கர் செய்தால் சந்தேகமே வேண்டாம்.

இதை உறுதி செய்ய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். செட்டை ஆஃப் செய்து, பின்னால் ஒயர்களெல்லாம் வந்து சேரும் கப்ளரைக் கழற்றி, அந்த ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களிலும் ஓம்ஸ் அளந்தேன். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டர் 3.5 போல ஏதாவது காட்டும். என் மகள் கதவை மெல்ல மெல்லத் திறந்தாள். 3.6, 3.6, 3.7, பாதிக் கதவு திறந்ததும் எண்ணே இல்லை. "இப்பப்பா?" என்று கேட்டுக்கொண்டே கொஞ்சம் சாத்தினாள். மறுபடி 3.6. யூனிட்டைத்தான் மாற்ற வேண்டும் என்று சொன்னார்களே, அந்த யூனிட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்தச் சோதனையே செய்தோம்.

எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஊமையாகி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்தால் கதை கொஞ்சம் வேறு. அப்போது யூனிட்டின் மேல் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. செட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் சிப், அதாவது ஆம்ப்ளிஃபையர் ஐசி, பெரும்பாலும் நான்கு சேனலுக்கும் ஒன்றேதான். ஏதோ ஒரு ஸ்பீக்கர் ஒயர் நசுங்கி பாடியைத் தொட்டால், ஐசி தன்னைக் காத்துக்கொள்ள மொத்தமாக வாயை மூடிக்கொள்ளும். கப்ளர் கழன்ற நிலையில் ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே அளந்து பாருங்கள். எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் ஷார்ட் ஒயரில்தான். இதே காரணத்துக்காக, ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை 'எர்த்துதானே' என்று நினைத்து பாடியில் கொடுத்துவிடாதீர்கள். இந்த செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களிலுமே பேட்டரி வோல்டேஜில் பாதி அளவு நிற்கும்.

ஒயர்கள் எல்லாம் சரி, செட்டில்தான் பழுது என்று தெரிந்த பிறகுதான் அந்த நான்கு யோசனைகளுக்கும் வேலை.

சர்வீஸ் சென்டரில் புது யூனிட் போடுவதில் நிம்மதி அதிகம். ஸ்டீயரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் முன்பு போலவே வேலை செய்யும். வாரன்டி இருக்கும் காருக்கு இதுதான் வழி, நீங்களாகக் கழற்றவே கழற்றாதீர்கள். வாரன்டி முடிந்த காருக்குப் பணம் கனமாக ஆகும், பழைய மாடல் என்றால் ஸ்டாக்கே இருக்காது. பழுது கதவு ஒயரில் இருந்துவிட்டால், புது யூனிட்டும் அதே வேகத்தடையில் நிற்கும். இந்த வழியில் என்னை மிகவும் வருத்துவது அதுதான்.

ஆண்ட்ராய்டு செட்டில் பெரிய திரை, மேப், வேண்டிய ஆப் எல்லாம் கிடைக்கும். அந்த வசதிகள் வேண்டுமென்றால் தாராளமாகப் போடலாம். ஒலி மேம்படும் என்பதற்காக மட்டும் போட வேண்டாம். அட்டையில் 4 x 50 வாட் என்று அச்சடித்திருப்பார்கள். வண்டி ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத செட்டில் இந்தக் கணக்குப்படி ஒரு சேனலுக்குச் சிதையாத ஒலியாக 26 வாட்டைத் தாண்டவே முடியாது, நடைமுறையில் அதற்கும் கீழேதான். கம்பெனி செட்டுக்கும் இதே கணக்குதான். பொருத்துபவரிடம் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லுங்கள்: கம்பெனி ஒயரை வெட்டக் கூடாது, உங்கள் மாடலுக்கான கப்ளர் போட்டே இணைக்க வேண்டும். வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய ஒவ்வொரு இணைப்பும் நாளைக்கு இன்னொரு லூஸ் கான்டாக்ட். ஏசி கட்டுப்பாடும் வண்டி செட்டிங்கும் செட்டின் திரையிலேயே இருக்கும் கார்களுக்கு இந்த வழி சரிப்படாது.

புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய யூனிட் எனக்குப் பிடித்த யோசனை, ஆனால் பொறுமை வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். சில செட்கள் வேறு காரில் செருகியதும் ரகசிய எண் (கோட்) கேட்கும், சிலவற்றைக் கம்பெனி கருவியில் இணைத்துப் பதிவு செய்தால்தான் பாடும். அதையெல்லாம் விசாரித்துக்கொண்டு, கடையிலேயே பேட்டரியில் இணைத்து கால் மணி நேரமாவது சத்தமாகப் பாடவிட்டுக் கேட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள். அதுவும் எங்கேயோ எத்தனையோ கோடை வெயிலில் வெந்த செட்தான்.

செட்டில்தான் பழுது என்றால், என் ஓட்டு ரிப்பேருக்கு. குளிர்ந்திருக்கும்போது நன்றாகப் பாடி, அரை மணி நேரம் ஓடி சூடானதும் வெட்டினால், பெரும்பாலும் போர்டில் ட்ரை சோல்டர், அதாவது பிடி விட்டுப்போன ஈயப் பற்று இருக்கும். வெயிலில் நிறுத்திய காரில் டேஷ்போர்டு கை வைக்க முடியாத அளவு கொதிக்கிறது, இரவில் ஆறுகிறது. விரிந்து சுருங்கியே சோல்டர் முடிச்சைச் சுற்றி மோதிரம் போல ஒரு மெல்லிய விரிசல் விழும். அதை மறுபடி உருக்கிவிட்டால் போதும், பார்ட்ஸ் செலவே இல்லை. ஐசியே போயிருந்தாலும் முழு யூனிட் விலையோடு பார்க்கும்போது சின்னத் தொகைதான். எல்லாம் மெக்கானிக்கின் கையைப் பொறுத்தது. போலி ஐசியும் சந்தையில் உண்டு. அதனால் திரும்ப வாங்கும்போது "ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தீங்களா அண்ணே?" என்று கேட்டு, முடிந்தால் கூடவே உட்கார்ந்து கேளுங்கள். தொடுதிரை உடைந்தோ மங்கியோ போனால் மட்டும் ரிப்பேர் வழி பெரும்பாலும் கைகொடுப்பதில்லை.

எங்கள் காருக்கு இந்த நான்கில் எதுவும் தேவைப்படவில்லை. தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் ரப்பர் பூட்டைப் பின்னுக்குத் தள்ளி, ஸ்பீக்கர் ஒயர்களை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்த்தார். ஒரு ஒயர் ரப்பர் போல நீண்டது. மேலுறையை வெட்டியதும் உள்ளே செம்பு பச்சை பூத்து, இரண்டு துண்டாகக் கிடந்தது. ரப்பர் பூட்டின் அடிமடிப்பில் ஒரு கிழிசல், மழைத்தண்ணீர் அது வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. மடிப்பு விழும் இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் வெட்டி, மெல்லிய இழைகள் கொண்ட வளையும் ஒயராகச் சேர்த்து, சோல்டர் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடினார். இணைப்பு மடங்கும் இடத்தில் வரக் கூடாது, வந்தால் திரும்ப அங்கேயே அறும் என்றார். புது பூட் வாங்கி மாட்டிவிட்டு, கையோடு மற்ற மூன்று கதவுகளின் ரப்பர் பூட்டையும் தள்ளி ஒயர்களைப் பார்க்கச் சொன்னேன். முன்பக்க இடது கதவில் இன்னொரு ஒயர் லேசாக நீண்டது. அதையும் அன்றைக்கே மாற்றிவிட்டோம்.