கையேட்டில் இல்லாத தகைமைகள்: வெள்ளவத்தையில் ஒரு ‘கர்ணன் போர்’

கொழும்பு வெள்ளவத்தையில் ஏறிய ‘கர்ணன் போர்’ கூத்துக்கு மண்டப வாசலில் தரும் நாலு பக்கக் கையேட்டில் 18 பேரின் முகம் இருக்கிறது. ஒவ்வொரு முகத்தின் கீழும் சில வரி: இன்ன பட்டம், இன்ன விருது, இன்ன தொலைக்காட்சி நிகழ்ச்சி. யாரிடம் கூத்துப் பழகினார், கூத்தின் இரண்டு ஆட்டமுறைகளில் வடமோடியா தென்மோடியா, எத்தனை களரி (கூத்தாடும் வட்ட அரங்கு) கண்டவர் என்கிற மூன்று விபரமும் ஒருவருக்குக்கூட இல்லை. பார்க்கப் போகிறவருக்கு வேண்டியது அந்த மூன்றுதான். இதில் ஆடுகிறவர்கள் ஓர் ஊர்க் கூத்தர்கள் அல்லர். மட்டக்களப்பு, பாசையூர், வடமராட்சி, ஹற்றன், வெள்ளவத்தை என்று ஆளுக்கொரு பக்கம் பழகியவர்கள். கட்டியம் கூறிக் கூத்தைத் தொடக்கும் கட்டியகாரன் உள்ளே போன பத்து நிமிடத்துக்குள் யார் எங்கே பழகினார் என்பது காலிலும் மூச்சிலும் தெரிந்துவிடுகிறது.

முதலில் கணக்கு. ரிக்கற் 1,500, 1,000, 500 ரூபா. 5.30 என்று போட்டிருந்தார்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை எல்லாம் தாண்டி மத்தளம் ஒலித்தபோது 6.25. ஆட்டம் 95 நிமிடம். இடைவேளை இல்லை, அது நல்லது.

விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவருவது புதிய காரியம் அல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் செய்து காட்டியது அது. ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். பழக்கியவர் மட்டக்களப்பு வந்தாறுமூலையின் செல்லையா அண்ணாவியார் (அண்ணாவியார் என்றால் கூத்துப் பழக்கும் ஆசான்). அந்த மாணவர்களில் மௌனகுரு போன்றவர்கள் மட்டக்களப்பிலிருந்து வரும்போதே கூத்தோடு வந்தவர்கள். அதற்கும் முன்னர், 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ ஏறியபோதும் மேடையில் நின்றவர்கள் பேராதனை மாணவர்கள்தான். ‘மனமே’ எடுத்துக்கொண்ட சிங்கள ‘நாடகம’ என்ற பாட்டு நாடக வடிவத்தின் வேர் நமது கத்தோலிக்கக் கூத்தில் இருக்கிறது என்பது வேறு கதை. படித்த பிள்ளைகளையும் ஊர் அண்ணாவியாரையும் சேர்ப்பது இந்த நாட்டில் நன்றாகவே பலித்த முறை. ஆனால் அங்கெல்லாம் பழகும்போது ஒரே ஆட்டமுறையைப் பழகினார்கள். இங்கே ஒவ்வொருவரும் தன் முறையை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவிழ்த்து ஒன்றாக்க நேரம் கிடைக்கவில்லை. ஊரில் சட்டம் (அவரவர் பாட்டுப் பிரதி) கொடுத்து, சதங்கை அணிந்து, அடுக்கு (முழு ஒத்திகை) பார்த்து அரங்கேற்ற மாதக் கணக்கில் இரவுகள் போகும். இங்கே கிடைத்தவை சனியும் ஞாயிறும் மட்டும். மட்டக்களப்பிலிருந்து வருகிறவருக்கு ஒரு வழிப் பயணமே 300 கிலோமீற்றருக்கு மேல்.

கர்ணனாக வருபவர் வந்தாறுமூலைப் பக்கத்தவர். கையேடு அவருடைய டிப்ளோமாவைச் சொல்கிறது. அவருடைய கால் வேறொன்றைச் சொல்கிறது. வரவில், அதாவது பாத்திரம் முதலில் மேடைக்கு வரும் ஆட்டத்தில், கவனியுங்கள்: மத்தளத்தின் அடி விழுந்த பிறகு அல்ல, விழுவதற்கு ஓர் இமைப்பொழுது முன்னரே கால் எழும்பி, அடியோடு சேர்ந்து தரையில் இறங்குகிறது. சதங்கை அதனால் மத்தளத்தோடு ஒரே சத்தமாகக் கேட்கிறது. தரு என்ற தாளப் பாட்டின் இரண்டு அடியைப் பாடி விட்டுவிடுகிறார். பின்னிருந்து திருப்பிப் பாடும் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிக்கொள்ள, அவர்கள் பாடி முடிக்கும்வரை இவர் ஆட மட்டும் செய்கிறார். வாய் மூடியிருக்கிறது, மூக்கால் மூச்சு நிறைகிறது. அடுத்த அடிக்கு வாய் திறக்கும்போது குரலில் நடுக்கம் இல்லை. கரப்புடுப்பும் முடியும் சுமந்துகொண்டு 95 நிமிடம் நிற்பதன் இரகசியம் இவ்வளவுதான். ஆனால் இது வகுப்பில் வராது, களரியில்தான் வரும். அந்த உடுப்பும் உதவுகிறது: வளையம் வைத்த பாவாடை கோழிக் கரப்புப் போல விரிந்து நிற்பதால், சுழலும்போது அதன் ஆட்டமே ஆளை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடுகிறது. பழகாதவரை அது இழுத்து விழுத்தும். படைவீரர் நால்வரில் ஒருவருக்கு அன்று கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

அருச்சுனனுக்குத்தான் கையேட்டில் மிக நீளமான குறிப்பு. யாழ்ப்பாணத்தில் நுண்கலை பயின்றவர், வட இலங்கைச் சங்கீத சபையின் கலாவித்தகர் பட்டம் பெற்றவர். குரல் சுத்தமான குரல், சுருதி ஒரு மயிரிழை விலகவில்லை. ஆனால் பிற்பாட்டு வாங்கிய பிறகும் இவர் பாட்டை விடுவதில்லை. தொடங்கியதைத் தானே முடிக்கவேண்டும் என்பது கச்சேரி மேடைப் பழக்கம். உட்கார்ந்து பாடுகிறவருக்கு அது சரி. ஆடிக்கொண்டு பாடுகிறவருக்கு மூன்றாம் சுற்றிலேயே மூச்சு முட்டும். முட்டியது. குரலைக் காப்பாற்றக் காலைக் குறைத்தார். அண்ணாவியாருக்கு முன்னால் இருந்த மைக்கை யாரும் மூடியிருக்கவில்லை, “மனே, கால்! கால்!” என்ற அதட்டல் பின்வரிசைவரை போனது. சபை சிரித்தது. அந்த அதட்டலுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஆட்டம் நன்றாக இருந்ததையும் சொல்லவேண்டும்.

கண்ணன் வடமராட்சிக்காரர், இசை நாடகத்தில் வளர்ந்தவர். நடிகமணி வி. வி. வைரமுத்து பேர் சொன்னால் இன்றும் ஊர் நிமிர்ந்து உட்காரும் மரபு அது. அங்கே பாடகர்தான் எசமான். அவர் ஒரு சங்கதியை நீட்டினால் ஆர்மோனியமும் மிருதங்கமும் கூடவே போய், அவர் இறங்கும்வரை காத்திருக்கும். கூத்து மத்தளம் யாருக்காகவும் காத்திருக்காது. ஆடுகிற கால் அதை நம்பியிருக்கிறது. தூதுக் காட்சியில் இவர் நீட்ட, மத்தளம் போய்விட, மூன்று இடத்தில் பாட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். நெறியாளர் இதைத் தெரிந்துதான் இன்னோர் இடத்தில் வழி கண்டிருக்கிறார்: அந்தண வேடத்தில் வந்து கர்ணனிடம் தருமத்தைக் கேட்கும் கட்டத்தில் தருவை எடுத்துவிட்டு விருத்தம் கொடுத்திருக்கிறார். விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை. மத்தளம் சும்மா இருக்க, அந்த நாலு அடியை அவர் பாடிய விதத்துக்காகவே 1,000 ரூபா கொடுக்கலாம். தூதுக் காட்சியிலும் இதையே செய்திருந்தால் குழப்பம் வந்திருக்காது.

ஆர்மோனியம் இந்தத் தயாரிப்பின் பெரிய தப்பு. வடமோடிக்கு மத்தளமும் சல்லரித் தாளமும் போதும். கூத்தர் தன் குரலுக்கு ஏற்ற சுருதியைத் தானே பிடிப்பார். இங்கே எல்லாரையும் ஒன்றாக்க மூன்று கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) ஒரே சுருதியை வைத்தார்கள். இசை நாடகக்காரருக்கு அது தாழ்வு; அவர்கள் நாலு, ஐந்து கட்டையில் நின்று கூட்டத்தின் கடைசி ஆளைத் தொடுகிறவர்கள். கச்சேரிப் பழக்கமுள்ள ஆண் குரலுக்கு அது உயரம். மேல் பஞ்சமம் வரும் இடமெல்லாம் அருச்சுனனின் கழுத்து நரம்பு புடைத்தது. பெண் குரலான குந்தியோ கிணற்றுக்குள் இறங்கிப் பாடவேண்டியிருந்தது. பாதிக்கப்படாதவர் கர்ணன் ஒருவர்தான், அவர் ஆர்மோனியத்தைக் கேட்டதாகவே தெரியவில்லை.

துரியோதனன் பாசையூர்க் கத்தோலிக்கக் கூத்துக்காரர். அந்த மரபில் ஆட்டம் குறைவு, பாட்டுத்தான் உயிர். அவரை ஆசனத்தில் இருத்திப் பாட மட்டும் விட்டது புத்திசாலித்தனம். மைக் தேவையில்லாத குரல்.

சல்லியன் வேடத்துக்கு ஹற்றன் பக்கத்துக் காமன் கூத்துக்காரரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். காமன் கூத்து மாசியில் தோட்டத்து லயத்து வாசல்களிலும் தெருவிலும் தப்பு என்ற பறை முழங்க ஆடுவது. தோள் தளர்ந்து, முழங்கால் மடங்கி, உடம்பு முழுவதும் முன்னால் விழுந்து நடக்கும். தேரோட்டிக்கு அந்த நடை அப்படிப் பொருந்துகிறது, குதிரை இல்லாமலே குதிரை தெரிகிறது. ஆனால் இடையில் தப்பு கொண்டுவந்து இரண்டு நிமிடம் அடித்தது ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. விசில் பறந்தது உண்மை. தப்பின் வீச்சுக்குப் பிறகு மத்தளம் ஊமையாகிப்போனதும் உண்மை. பழைய காது திரும்பிவர ஒரு காட்சி பிடித்தது.

மத்தளத்துக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. கொழும்பின் வெளிக்காற்றில் ஈரம், மண்டபத்துக்குள் ஏசி. பின்னேரம் வெளியில் கட்டிச் சரிபார்த்த தோல் உள்ளே வந்து காய்ந்து இறுகும், ஒலி மேலே ஏறும். முதல் அரை மணியில் இரண்டு தடவை அண்ணாவியார் வாரைத் தட்டிச் சரிசெய்தார். ஏசியை இரண்டு மணி நேரம் முன்னரே போட்டு, மத்தளத்தை மேடையிலேயே வைத்துச் சுருதி பார்த்தால் தீருகிற விஷயம். மண்டபக்காரர் நேரத்துக்குக் காசு கேட்பதால் பலர் செய்வதில்லை.

தரை விரிப்பைப் பற்றியும் ஒரு சொல். மேடை முழுக்கச் சிவப்புக் கம்பளம். வரவேற்புரைக்கு அழகு, கூத்துக்கு எமன். மிதி சத்தத்தை அது விழுங்கிவிடும், வெறுங்கால் சுழலும்போது பிடித்து இழுக்கும். விளக்கேற்றியதும் சுருட்டி ஓரம் வைத்திருக்கலாம், நாலு பேர், மூன்று நிமிடம்.

குந்தி கொழும்பில் பரதம் கற்பிப்பவர். பெண் வேடத்தை ஆண்களே கட்டிய காலம் போய் இப்போது பரதம் பயின்ற பெண்கள் வருவது நல்லதுதான். ஆனால் பரதத்தில் அரைமண்டியில் உடம்பு இறங்கி நிற்கும். கூத்தில் முழங்கால் தளர்ந்து துள்ளும். இவர் இறங்கியே நிற்கிறார். ‘மகனே’ என்ற ஒரு சொல்லுக்கு மூன்று முத்திரை. கர்ணனை அடையாளம் காணும் இடத்தில் மட்டும் கையை மறந்து, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அந்த அரை நிமிடம் கூத்துக்குரியது.

கட்டியகாரனும் படைவீரரும் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற கொழும்புப் பிள்ளைகள். கட்டியகாரனுக்கு நல்ல நாக்கு. மற்றவர்கள் தாளக்கட்டை வாய்க்குள் எண்ணுகிறார்கள், உதடு அசைவது முன்வரிசைக்குத் தெரிகிறது. எண்ணுகிற கால் எப்போதும் அரை அடி பிந்தும். இன்னும் பத்துப் பழக்கம் இருந்தால் போய்விடும்.

அடுத்த காட்சிக்குப் போகிறவர்களுக்கு: 1,500 ரூபா முன்வரிசை வேண்டாம். ஒலிபெருக்கி நேரே காதுக்குள் அடிக்கும், மேடை உயரத்தால் கால் தெரியாது. மேடையைப் பார்த்திருக்கையில் இடது பக்கம், ஐந்தாவது வரிசையிலிருந்து எட்டாவதுக்குள் இருங்கள். அண்ணாவியாரும் பிற்பாட்டும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். பாட்டு எப்படிக் கைமாறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். வட்டக்களரிக்கு அமைந்த ஆட்டம் ஆதலால் கூத்தர் அடிக்கடி முதுகு காட்டுவார்கள். ஓரத்தில் இருந்தால் அப்போதும் முகம் கிடைக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் 6.15க்குப் போனால் போதும், உரைகளைத் தவறவிட்டால் நட்டமில்லை.

கர்ணன் விழுந்ததும் எழும்பிப் போய்விடாதீர்கள். அன்று வாகனம் எடுக்கும் அவசரத்தில் பாதி மண்டபம் எழும்பிவிட்டது. முடிந்ததென்று நினைத்து ஒலிக்காரரும் மைக்கை நிறுத்திவிட்டார். அதன் பிறகுதான் எல்லாரும் வட்டமாக நின்று முடிவு வாழ்த்தான வாழி பாடினார்கள். ஆர்மோனியமும் இல்லை. பாசையூர்க் குரல் மேலே, வந்தாறுமூலைக் குரல் நடுவே, பிள்ளைகள் கீழே, அருச்சுனன் பிற்பாட்டோடு பிற்பாட்டாக.