மூன்று கிலோ மினி வாஷிங் மெஷின்: வருஷக்கணக்கில் ஓட்டிய அனுபவம்

மினி மெஷின் வாங்கலாமா என்று கேட்கிற எல்லாரும் "அழுக்கு போகுமா" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நன்றாகவே போகும். விசாரிக்க வேண்டியது அது எப்படிப் பிழிகிறது என்பதைத்தான்.

எங்களுடையது சென்னை வேளச்சேரியில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு, மாடி. மெஷின் வாங்கும்போது பையன் கைக்குழந்தை, இப்போது பள்ளிக்கூடம் போகிறான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதே, அதைப் பார்த்த பிறகு குழாயை நம்பி ஓடுகிற மெஷின் வேண்டவே வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். முழு ஆட்டோமேட்டிக் என்றால் குழாயில் ஓரளவு வேகம் வேண்டும். பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், மேல்மாடிக்காரர்களுக்குத் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் பாதி நேரம் நூல் மாதிரிதான் வரும். மினி மெஷினுக்கு அந்தக் கவலை இல்லை, வாளியில் மொண்டு ஊற்றினால் போதும். கடைசி அலசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழிவறைக்கு ஊற்றிவிடுகிறோம்.

மூன்று கிலோ என்பது காய்ந்த துணியின் எடை. நடைமுறையில் நாலைந்து சட்டை, உள்ளாடைகள், குழந்தைத் துணி, ஒரு துண்டு என்றால் சுகமாகச் சுற்றும். ஜீன்ஸ் ஒன்று சேர்ந்தால் முனகும். இரட்டைக் கட்டில் போர்வையைப் போடாதீர்கள், நடுவில் இருக்கிற பகுதிக்குத் தண்ணீரே போகாது. புடவையைத் தனியாக, வலைப்பையில் போட்டுத்தான் போட வேண்டும், இல்லையென்றால் முறுக்கிக்கொண்டு அவிழ்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் அழுக்கைச் சேர்த்து வைக்கிற பழக்கமே போய்விட்டது, அன்றன்றைக்குத் துவைத்துவிடுகிறோம். சின்ன வீட்டில் அழுக்குக்கூடையே இல்லாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி தெரியுமா!

சரி, பிழிவதற்கு வருவோம். துவைத்த துணியை எல்லாம் வெளியே எடுத்து, அதே தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் கூடையைப் பொருத்தி, அதில் பாதித் துணியை மட்டும் போட்டுச் சுற்ற வேண்டும். ஒரு பக்கமாகக் கனம் சேர்ந்தால் மெஷினே நகர ஆரம்பித்துவிடும். துவைக்கிற அதே மோட்டார்தான் கூடையையும் சுற்றுகிறது, வேகம் குறைவு. இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக்கில் டிரையர், அதாவது பிழிகிற தொட்டி, தனி மோட்டாரில் நிமிஷத்துக்கு 1300 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும், சாதாரண டாப் லோட் முழு ஆட்டோமேட்டிக்கே பெரும்பாலும் 700 சொச்சம்தான். வெயில் காலத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் பால்கனிக் கொடியில் இரண்டு நாளாகியும் ஈரம் போகாமல் பள்ளிச் சீருடை வாடை அடிக்கும்போது தெரியும். என் அக்கா வீட்டில் செமி ஆட்டோமேட்டிக், அதே மழையில் அவளுக்கு மின்விசிறிக் காற்றிலேயே ஒரு ராத்திரியில் காய்ந்துவிடுகிறது.

அப்புறம் போர் தண்ணீர். எங்கள் பகுதியில் உப்பு அதிகம், பவுடரை அப்படியே கொட்டினால் நுரைக்காமல் துணியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். ஒரு குவளை வெந்நீரில் கரைத்து ஊற்றுகிறோம், அல்லது லிக்விட். மாதம் ஒருமுறை வெந்நீரில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போட்டுக் காலியாக ஓட்டி, ஊறவிட்டுக் கழுவினால் தொட்டியில் படிகிற வெள்ளைப் பூச்சு விடும். அதோடு பிளீச்சிங் எதையும் கலக்காதீர்கள், அதிலிருந்து வரும் புகை விஷம்.

இதுவரை வந்த பெரிய கோளாறு, அடியில் சுற்றுகிற தட்டின் சீல் (தண்ணீர் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம்) தேய்ந்து தண்ணீர் கசிந்தது. மோட்டார் மேலே சொட்டுவதற்கு முன் கவனித்ததால் தப்பித்தது. ஆனால் அந்த அளவு சீல் எங்கள் ஏரியாக் கடை எதிலும் இல்லை, மெக்கானிக் அலைந்துதான் வாங்கி வந்தார். செமி ஆட்டோமேட்டிக்குக்கு சீல், டைமர், கெபாசிட்டர் எல்லாம் எந்தத் தெருவிலும் கிடைக்கும்.

ஆகவே என் கருத்து இதுதான்: தனியாள், விடுதி அறை, கைக்குழந்தை உள்ள வீடு என்றால் மினி மெஷின் தாராளமாக வாங்கலாம். இரண்டரை அடி அகலம் எப்படியாவது ஒதுக்க முடிந்தால், இன்னும் சில ஆயிரம் போட்டு ஆறு, ஆறரை கிலோ செமி ஆட்டோமேட்டிக் வாங்கிவிடுங்கள். எதை வாங்கினாலும் எர்த் சரியாக உள்ள மூன்று பின் சாக்கெட் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், ஈரக் குளியலறைக்குள் வைக்காதீர்கள். இவற்றில் பெரும்பாலும் பம்ப் கிடையாது, தண்ணீர் தானாக இறங்க வேண்டும். அதனால் மெஷினைக் குளியலறை வாசலுக்கு வெளியே ஒரு ஸ்டாண்டில் ஏற்றி, டிரெய்ன் பைப் மட்டும் குளியலறைத் தரைக்கு எட்டுமா என்று டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.