வீட்டு கராஜுக்கு சிஎன்சி மில்லு: 3018-ஆ, கன்வர்ஷனா, ரெடிமேடா, இல்ல ஜேக்கப்ஸ்ல வெட்டக் குடுத்துடலாமா?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கராஜ்ல லேத்து வெச்சிருக்கிறவங்க கூடினாலே இப்ப இதான் பேச்சு, சின்னதா ஒரு சிஎன்சி மில்லு, அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி தானா மெட்டல் வெட்டுற மெஷின், வாங்கலாமா வேணாமான்னு. எது நல்ல மெஷின்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. என்ன மெட்டல் வெட்டப் போறீங்க, எவ்ளோ பெருசு, ஒரே பார்ட்டு எத்தன பீஸ் வேணும், இத முதல்ல சொல்லுங்க, பாதி ஆப்ஷன் தானா விழுந்துடும்.

முதல்ல 3018-ங்கிற சின்ன மெஷின். பேர்லயே இருக்கு, 300-க்கு 180 மில்லிமீட்டர் வெட்டுற இடம், உயரம் நாப்பத்தஞ்சு மில்லி கிட்ட, ஸ்பிண்டில்னு, அதாவது கட்டர சுத்துறதுன்னு, சொல்றது ஒரு 775 டிசி மோட்டார். விலை கம்மி, அதனாலதான் எல்லார் கண்ணும் இதுமேல. அலுமினியம் வெட்டும்தான், ஆனா ஒரு பாஸுக்கு 0.1, 0.2 மில்லி எடுத்துட்டு உக்காந்திருக்கணும், பிரேம் அவ்ளோ லேசு, கொஞ்சம் ஆழம் குடுத்தா கத்த ஆரம்பிச்சிடும். ஸ்டீல்லாம் நெனச்சே பாக்காதீங்க. ஆனா ஒரு விஷயத்துல இது பெரிய மில்ல தூக்கி சாப்ட்ரும், அது எழுத்து வெட்டுறது. கோயில் உபயக்காரங்க பேர பித்தளத் தகட்டுல வெட்டணும்னு வைங்க, 1 மில்லி கட்டர் போடணும், அதுக்கு ஆர்பிஎம் வேணும். அடுத்து சொல்லப்போற எக்ஸ்2 மாதிரி மில்லோட ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 2500 சுத்துக்கு மேல போகாது, அதுல 1 மில்லி கட்டர் ஓரத்துல வர்ற வேகம் நிமிஷத்துக்கு எட்டு மீட்டர்கூட இல்ல, டேபிள் நகர்ற வேகத்த கொஞ்சம் ஏத்தினா படக்குனு ஒடஞ்சிடும். அதனால பேரு, டிசைன், மரம், பிளாஸ்டிக்கு மட்டும்னா 3018 வாங்கிட்டு அதோட நிறுத்திக்கலாம்.

அடுத்து கன்வர்ஷன், அதாவது சீக் கம்பெனியோட எக்ஸ்2 மாதிரி கையால சுத்தி ஓட்டுற ஒரு கைமில்ல வாங்கி நாமளே மோட்டார் மாட்டுறது. எடை அறுபது கிலோ கிட்ட, பக்கில (பின்னால சாமான் ஏத்துற வண்டி) போட்டு ரெண்டு பேர் இறக்கிடலாம். அடுத்த சைஸ் எக்ஸ்3 நூறு கிலோவுக்கு நல்லாவே மேல, அதுக்கு ஆள் சேக்கணும், ஆனா வெட்டும்போது அந்த எடைதான் கை குடுக்கும். கன்வர்ஷன்ல எல்லாரும் மோட்டாரு, கன்ட்ரோல் போர்டுன்னே பேசுறாங்க, நெசமான செலவு டேபிள நகத்துற திருகுல இருக்கு. கையால ஓட்டும்போது ஒரே பக்கமா இழுத்து திருகோட ஆட்டத்த எடுத்துட்டு வெட்டிடுவோம். சிஎன்சி ஒரு வட்டம் போட்டா நாலு எடத்துல திசை மாறும், பழைய திருகா இருந்தா அந்த நாலு எடத்துலயும் தழும்பு விழும், சாஃப்ட்வேர்ல இந்த ஆட்டத்த ஈடு கட்டுற பேக்லாஷ் காம்பென்சேஷன் போட்டாலும் முழுசா போகாது. பால் ஸ்க்ரூ, அதாவது உள்ள குண்டு உருள்ற, ஆட்டமில்லாத திருகு போடணும், வேற வழி இல்ல. எக்ஸ்2 பல மாடல்ல உள்ள பிளாஸ்டிக் கியர் வேற, கட்டர் சிக்கினா பல்லு போயிடும், பெல்ட்டுக்கு மாத்திட்டா நிம்மதி. வேலை ஜாஸ்திதான், ஒத்துக்கிறேன், ஆனா எது கெட்டாலும் அந்த ஒரு சாமான மட்டும் வாங்கி மாட்டிக்கலாம், இங்க உக்காந்திருக்கிற நமக்கு அது ரொம்ப பெரிய விஷயம்.

ரெடிமேட் எடுத்தா அந்தத் தலைவலி இல்ல, பெட்டியத் தொறந்து லெவல் பண்ணி ஓட்ட வேண்டியதுதான். அமெரிக்காவுல டோர்மாக் பிசிஎன்சி 440-க்கு வீட்டு ஒர்க்‌ஷாப் ஆளுங்க நடுவுல நல்ல பேரு. ஆனா அது 115 வோல்ட்டு மெஷின், நம்ம 230-க்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தேடணும். அப்புறம் கப்பல் கூலி, அதுக்கப்புறம் வாட். இறக்குமதி வாட்ட பில்லு தொகை மேல 15% மட்டும்னு கணக்கு போடாதீங்க, மதிப்போட 10% கூட்டி, டியூட்டி இருந்தா அதையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கு 15%, அதாவது டியூட்டியே இல்லாத 100 ரேண்டு சாமானுக்கு வாட் மட்டும் 16.50. இவ்ளோ குடுத்து வாங்கினத நாளைக்கு அதுல ஒரு போர்டு போச்சுன்னா மறுபடி கடல் தாண்டி வரணும். அத ஓட்டி சம்பாதிக்கிறவங்களுக்கு சரி, ஞாயித்துக்கிழமை மட்டும் கராஜ் தொறக்கிறவங்களுக்கு எனக்கு மனசு வரல.

கரண்ட் விஷயம் தனியா சொல்லணும். 2022, 23-ல லோட் ஷெட்டிங், அதாவது கரண்ட் கட்டு, ஸ்டேஜ் 6 வரைக்கும் பாத்தாச்சு, இப்ப நிலமை தேவலாம், ஆனா நம்பி எட்டு மணி நேர ஜாப் போட யாருக்கு தைரியம் இருக்கு. நெறய பேர் கம்ப்யூட்டருக்கும் கன்ட்ரோலருக்கும் மட்டும் யூபிஎஸ் போட்டுட்டு சேஃபுன்னு நெனைக்கிறாங்க, அது இன்னும் மோசம், ஸ்பிண்டில் நின்னுடும், ஆனா டேபிள் நகந்துட்டே இருக்கும், நிக்கிற கட்டர் மேல வெட்டிட்டிருக்கிற பீஸு போய் மோதும். ஒண்ணு எல்லாத்தையும் இன்வெர்ட்டர்ல போடுங்க, இல்ல எல்லாமே சேந்து நிக்கட்டும், மெஷின் ஆரம்ப எடத்தக் காட்டுற ஹோமிங் ஸ்விட்ச் இருந்தா மறுபடி எடத்தப் பிடிச்சிக்கலாம். ஸ்பிண்டிலுக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்த மாத்துற பெட்டி) போட்டா வீட்டு டிபி போர்டுல இருக்கிற 30 மில்லிஆம்ப் எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் சும்மா சும்மா விழ வாய்ப்பு இருக்கு, அதுக்காக எர்த்த கழட்டி விடுற வேலைய யாரும் பண்ணாதீங்க, எலெக்ட்ரீஷியன கூப்பிட்டு தனி லைன் போடச் சொல்லுங்க.

சாஃப்ட்வேர் சுருக்கமா. பார்ட்ட வரஞ்சு மெஷினுக்கு புரோகிராம் எழுதுற ஃபியூஷன் (முன்னாடி பேரு ஃபியூஷன் 360) வீட்டு உபயோகத்துக்கு இலவசம், ஆனா 2020 அக்டோபர்லேந்து ரேப்பிட் மூவ் கிடையாது, வெட்டாம சும்மா நகர்ற எடத்துலயும் மெதுவாத்தான் போகும். ஃப்ரீகேட்னு இன்னொரு இலவச சாஃப்ட்வேர்ல அந்தக் கட்டுப்பாடு இல்ல, பழக நாளாகும்.

மெஷினே வாங்காம ஜேக்கப்ஸ், பைன்டவுன் பக்கம் காசுக்கு வெட்டிக் குடுக்கிற ஜாப் ஷாப்ல குடுக்கிறதயும் கணக்குல சேருங்க. ஒரு பீஸுக்குப் போனா செட்டிங் சார்ஜே தலைய சுத்தும், அம்பது பீஸுன்னா வீட்டுல ஓட்டுறதவிட மலிவாக் கூட வரும். வருஷத்துல ஒண்ணு ரெண்டு பார்ட்டுதான் வேணும்னா குடுத்துட்டு வந்துடுங்க.

என்னக் கேட்டா, கைமில்லா வாங்கி ஒரு வருஷம் கையால ஓட்டுங்க. பிராக்கெட்டு, ஓட்டை, ஸ்லாட்டு மாதிரி ஒத்தை பீஸுக்கு புரோகிராம் எழுதுற நேரத்துல கைல முடிச்சிடலாம். வளைவும் ரிப்பீட்டும் வர ஆரம்பிச்சா அப்ப பால் ஸ்க்ரூ வாங்கலாம். நம்ம ஊரு உப்புக் காத்துக்கு வேலை முடிஞ்சதும் ஸ்லைடுக்கு எண்ணெய் போட்டு மூடி வைங்க. வாங்கும்போது ஸ்பிண்டில்ல டூலப் பிடிக்கிற ஓட்டை ஆர்8 டைப்பான்னு பாருங்க, எம்டி3 டைப்புன்னா கெட்டியாப் பிடிச்சிக்கும், ஒவ்வொரு தடவை டூல் மாத்தவும் சுத்தியல் எடுக்கணும்.